மேடை யாருக்கு? கல்முனைக் கரையின் கலைச் சங்கங்கள் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

கிழக்கிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்கள் கூடுகிற எந்தக் கூட்டத்திலும் ஒரு மனக்குறை கட்டாயம் பேசப்படும். ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றில் எங்களுக்குரிய இடம் தரப்படவில்லை. அரச கலைக் குழுக்களில் எங்கட ஆக்கள் குறைவு. பரிசு, கௌரவம், நூல் கொள்வனவு என்று வந்தால் நாங்கள் கடைசி வரிசை. ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற பின்னர் ஊர்ச் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் போய்வருகிற எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். அது பொய்க் குறை அல்ல. ஆதாரம் காட்டிப் பேசக்கூடிய குறைதான்.

ஆனால், கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் அளக்க நாம் எடுக்கிற முழக்கோலை எங்கட சங்கங்கள் மேல் யாரும் வைத்துப் பார்ப்பதில்லை. இன்று உலகம் முழுவதும் கலை நிறுவனங்களிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. எல்லாருக்கும் நியாயமான பங்கு கிடைக்கிறதா? பலவகைப்பட்டவர்களும் உள்ளே இருக்கிறார்களா? உடலால் இயலாதவரும் வந்துபோக வழி இருக்கிறதா? இந்தக் கேள்விகள் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். கல்முனைக் கரையின் அறுபது, எழுபது வருஷ வரலாற்றைப் புரட்டினால் இவை எங்கட மண்ணில் ஏற்கெனவே எழுந்த கேள்விகள்தான் என்பது தெரியும்.

வெளியே இருந்த கதவு

1952ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கலைக்கழகம் உருவானது. 1956இல் கலாசார அமைச்சு வந்தது. அதைத் தொடர்ந்து சாகித்திய மண்டலமும் வந்தது. கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமங்களில் ஆடப்பட்டுவந்த நாட்டுக்கூத்தைத் தேடிப்போனார். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். மட்டக்களப்பு வட்டக்களரியில் விடியவிடிய ஆடிய கூத்து கொழும்பு மண்டபத்துக்கு வந்தது. பிறகு பல்கலைக்கழக ஆய்வுப் பொருளும் ஆனது. அது மகத்தான பணி. யாரும் குறைத்துப் பேச முடியாது.

அதே காலத்தில், அதே வயல்வெளிகளுக்கு இந்தப் பக்கத்தில், கலியாண ஊர்வலத்திலும் சுன்னத்து வீட்டிலும் பொல்லடி அடித்தார்கள். சீனடி, சிலம்படி விளையாடினார்கள். பக்கீர் பாவாமார் றபான் அடித்துப் பாடினார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் பேரில் கொடியேறும் நாட்களில் இவை எல்லாவற்றையும் ஒரே மணலில் காணலாம். கூத்துக்குக் கிடைத்த ஆய்வாளரும் மேடையும் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. கூத்தை ‘கலை’ என்ற தலைப்பின் கீழ் எழுதியவர்கள் பொல்லடியை ‘சமூக வழக்கம்’ என்று எழுதினார்கள். வழக்கத்துக்கு யாரும் மேடை போட்டுக் கொடுப்பதில்லை. இதில் வெளியாரை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. எங்கட படித்த வர்க்கமே இவற்றைக் கலை என்று கொண்டுபோய் நிறுத்த வெட்கப்பட்டது. சிலர் மார்க்கக் காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

எழுத்து இலக்கியத்தில் நிலைமை சற்று வேறு. அங்கே எங்கட அறிஞர்கள் அழைப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. ம. மு. உவைஸ் 1953இல் ‘முஸ்லிம்கள் தமிழுக்காற்றிய தொண்டு’ நூலை வெளியிட்டார். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ், நெற்செய்கையைப் பெருக்க வந்த இடத்தில் இந்தப் பிரதேசத்தின் கல்வி நிலையைக் கண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையும் அந்தக் காலத்தில் அவருக்கு நெருக்கமானவர்கள். அவர் பின்னாளில் எழுதிய ‘இலங்கையில் இஸ்லாம்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. தமிழகத்தில் திருச்சி மாநாடு நடந்தது 1973இல்தான். எங்கட கைத்தறி ஊர் அதற்கு ஏழு வருஷம் முந்திக்கொண்டது.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேறொரு கதவு தட்டப்பட்டது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட சமூகத்தில் இருந்து, சலூன் தொழில் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவா, 1960களின் தொடக்கத்தில் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்காக சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றார். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடக்கினார். தான் நுழையப் பட்ட பாடு அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, மல்லிகையின் பக்கங்களில் முஸ்லிம், மலையக எழுத்தாளர்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

பிரித்தானியாவிலும் இதுபோல ஒரு கணக்குப் பார்க்கப்பட்டது. அந்த நாட்டுக் கலைக்கழகமும் வேறு இரண்டு அமைப்புகளும் கேட்டுக்கொண்டதன்பேரில், 1976இல் நசீம் கான் என்ற பெண் எழுத்தாளர் ஓர் அறிக்கை தயாரித்தார். ‘பிரித்தானியா கவனிக்காத கலைகள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆசியர், ஆபிரிக்கர், கரீபியர் முதலான குடியேறிய சமூகங்கள் தங்களுக்குள் எவ்வளவு ஆடலும் பாடலும் நாடகமும் வைத்திருக்கின்றன, பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனங்களின் கண்ணில் அவை எப்படிப் படாமலே போகின்றன என்பதை அவர் விவரமாக எழுதிக் காட்டினார். எங்கட பொல்லடிக்கும் றபானுக்கும் நடந்தது அதேதான். கலை இருந்தது. கணக்கெடுப்பவரின் கொப்பியில் மட்டும் அதற்குப் பத்தி இல்லை.

1981இல் முஸ்லிம் சமய, பண்பாட்டலுவல்கள் திணைக்களம் தனியாக அமைந்தது. எங்களுக்கென்று ஓர் அலுவலகம் வந்தது நன்மைதான். கூடவே ஒரு சிக்கலும் வந்தது. பண்பாடு சமயத்தோடு ஒரே கோப்புக்குள் போனது. பள்ளிவாசல் பதிவும் ஹஜ் ஏற்பாடும் கையில் இருக்கும்போது பாவாமாரின் றபான் எத்தனையாவது வேலையாக வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீலாவணனும் வாசகர் சங்கமும்

‘பன்மைத்துவம்’ என்ற சொல் எங்கட கூட்ட அழைப்பிதழ்களில் அச்சாகத் தொடங்கியது அண்மையில்தான். அந்தச் சொல் இல்லாமலே அந்த வேலையைச் செய்தவர்கள் இங்கே இருந்தார்கள்.

பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் (1931 - 1975) கல்முனைத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கியவர். ‘பாடும் மீன்’ இதழை நடத்தியவர். அவரைச் சுற்றி வளர்ந்த இளைஞர்களில் கல்முனைக்குடி எம். ஏ. நுஃமானும் மருதமுனை மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும் இருந்தார்கள். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் ஒரு தெரு, ஒரு வாய்க்கால் அளவே இடைவெளி உள்ள கரை இது. அந்த இடைவெளியை அவர்கள் சைக்கிளில் கடந்தார்கள்.

பிறகு நுஃமானும் பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கமும் ஒன்றாக நின்று 1969இல் ‘கவிஞன்’ என்ற கவிதைக் காலாண்டிதழைக் கொண்டுவந்தார்கள். கல்முனையில் இருந்து இயங்கிய வாசகர் சங்கம், யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த மஹாகவியின் ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ போன்ற நூல்களை வெளியிட்டது. ஒரு முஸ்லிம் ஊரின் சிறு பதிப்பகம் ஒரு யாழ்ப்பாணத்து இந்துக் கவிஞரின் நூலை அச்சடிப்பது அன்று யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. நல்ல கவிதை, போட வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் யுத்தம் கிழித்தது. 1985இன் கலவரங்கள், 1990இன் கொலைகள், காணாமற்போதல்கள் இரண்டு சமூகத்து வீடுகளிலும் ஒப்பாரி வைத்தன. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பிறகு ஒரே மேடையில் இருப்பதே சந்தேகத்துக்குரிய காரியமானது. எழுதுவது நிற்கவில்லை. சோலைக்கிளியின் ‘காகம் கலைத்த கனவு’ 1991இல் வெளிவந்தது. கேட்கிறவர்கள்தான் இரண்டாகப் பிரிந்தார்கள். யுத்தம் முடிந்து இத்தனை வருஷம் கழிந்தும் எங்கட சங்க நிர்வாகக் குழுக்களின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். முஸ்லிம் சங்கத்தில் முஸ்லிம்கள், தமிழ்ச் சங்கத்தில் தமிழர்கள். மறுபக்கத்தவர் ‘சிறப்பு விருந்தினர்’ ஆக வருவார், மாலை போடுவோம், தேநீர் குடித்துவிட்டுப் போவார். நீலாவணனின் சங்கத்தில் நுஃமான் விருந்தாளியாக இருக்கவில்லை.

வீடு பெண்ணுக்கு, மண்டபம் ஆணுக்கு

எங்கட பிரதேசத்துக் குடிமுறை தாய்வழி வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. கலியாணத்தோடு வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இலங்கையின் மற்றப் பகுதிகளில் இருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு அதிசயிப்பார்கள். நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

இந்தப் பெருமைக்குப் பக்கத்தில் இன்னொரு பெருமையும் உண்டு. அது கவி. நாலே வரியில் ஒரு மனசைத் திறந்து காட்டும் இந்த வாய்மொழிப் பாட்டு வட்டைகளிலும் பரண்களிலும் குடிசைகளிலும் பிறந்தது. ஆணும் பாடினான், பெண்ணும் பாடினாள். ஆனால் இந்தக் கவிகளில் நெஞ்சைப் பிடிக்கிறவை பெரும்பாலும் பெண் குரலில் இருப்பவை. வராத மச்சானைக் கேட்பது, மாமியின் சொல்லுக்கு மறுமொழி சொல்வது, ஏழ்மையை ஒரு கிண்டலில் சொல்லிவிட்டுப் போவது எல்லாம் அவளுடைய வேலை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் உவமையும் உள்ளுறையும் வைத்துப் பாடியிருக்கிறார்கள்.

இந்தக் கவிகளைக் காப்பாற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். சாய்ந்தமருதைச் சேர்ந்த மர்ஹூம் எஸ். எச். எம். ஜெமீல் ‘கிராமத்து இதயம்’ என்று ஒரு தொகுப்பைத் தந்தார். அவருக்கு முன்னும் பின்னும் பலர் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நூலின் அட்டையில் தொகுத்தவரின் பெயர் வந்தது. பாடியவளின் பெயர் ‘நாட்டார்’ என்றானது. நாட்டார் பாடலுக்கு ஆக்கியோன் பெயர் இல்லை என்பது பாடப்புத்தகச் சூத்திரம். யார் முதலில் கட்டினார்கள் என்பது தெரியாமல் இருக்கலாம். எந்த வருஷம், எந்த ஊரில், எந்த மூத்தம்மாவின் வாயில் இருந்து இது எழுதப்பட்டது என்பது எழுதினவருக்குத் தெரியும்தானே?

சில வருஷங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் சிறப்பு மலருக்காகக் கவி சேகரிக்க நானும் போனேன். எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூத்தம்மா வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு முப்பதுக்கு மேல் கவி சொன்னா. நான் பெயரையும் ஊரையும் பாடிய நாளையும் எழுதி, அவவின் சம்மதத்தையும் கேட்டுக் கொடுத்தேன். மலரில் கவி மட்டும் வந்தது, பெயரை வெட்டிவிட்டார்கள். “பொம்புளப் புள்ளைகள்ற பேரு எதுக்குக் காக்கா? குடும்பத்தாக்கள் ஏதும் சொல்லுவாங்க” என்றார் மலர்க் குழுவில் ஒருவர். குடும்பத்தாரை அவர் கேட்கவில்லை. மலரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூத்தம்மாவின் பேத்தி வாசித்துக் காட்டினா. மூத்தம்மா கேட்டுவிட்டுச் சொன்னா: “எல்லாம் சரி மகன். ஆனா இது நான் சொன்னதெண்டு இதில எங்க இரிக்கி?”

அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் 2013இல் வந்தது. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார், கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களைத் திரட்டிப் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார். இந்த மண்ணில் பிறந்த ஒரு பெண், அதுவும் கவிஞர், கவியைத் தொகுக்கிறார் என்பதே ஒரு திருப்பம். ‘ஓவியம் வரையாத தூரிகை’, ‘எனக்குக் கவிதை முகம்’ ஆகிய தொகுதிகள் மூலம் தமிழகம்வரை அறியப்பட்ட பெயர் அவருடையது. அவருக்கு முன்னும் பின்னும் எங்கட ஊர்களில் பெண்கள் எழுதினார்கள், எழுதுகிறார்கள். ஆனால் பெண்கள் எழுதுவது வேறு, சங்கத்தில் முடிவெடுப்பது வேறு. இஷாவுக்குப் பிறகு தொடங்கி இரவு பதினொரு மணிக்கு முடிகிற கூட்டத்துக்கு எந்தப் பெண் வருவா? வந்தால் எங்கே இருப்பா? யாரோடு திரும்பிப் போவா? “நாங்க யாரையும் வரவேணாமெண்டு சொல்லல்லியே” என்று ஆண்கள் சொல்வது உண்மைதான். கூட்டம் வைக்கிற நேரம் அதைச் சொல்லிவிடுகிறது.

படிக்கட்டு

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது, இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். பெரியநீலாவணை முதல் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் போனது. அதற்கு முன்னர் ஷெல்லும் கண்ணிவெடியும் கால்களை எடுத்திருந்தன. ஊனம் என்பது எங்கட கரையில் அபூர்வமான விஷயம் அல்ல. தெருவுக்கு ஒரு வீட்டில் உண்டு.

சட்டம் இருக்கிறது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2006 ஒக்டோபரில் வெளியான ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி இருக்க வேண்டும், பழைய கட்டடங்களும் மூன்று வருஷத்துக்குள் மாற்றப்பட வேண்டும் என்றன. 2011இல் உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. 2016இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் ஏற்று உறுதி செய்தது. கடற்கோளுக்குப் பிறகு எங்கட ஊர்களில் ஏராளமான கட்டடங்கள் புதிதாக எழும்பின. சரிவுப் பாதையை அப்போதே போட்டிருந்தால் செலவு ஒரு பொருட்டாகவே இருந்திராது. அப்படியிருந்தும் இலக்கியக் கூட்டம் நடக்கிற மண்டபம் பல இடங்களில் மேல்மாடி.

என் கூட்டாளி ஒருவர் நல்ல மரபுக் கவிஞர். ஷெல்லடியில் ஒரு காலை இழந்தவர். அவருடைய கவிதைக்கு முதற்பரிசு கொடுத்த ஒரு விழாவில், பரிசளிப்பு மேல்மாடியில் நடந்தது. நாலு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் இருந்து, ஒலிபெருக்கியில் தன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டார். பிறகு பரிசுப் பொருளை ஒரு பொடியன் கொண்டுவந்து கொடுத்தான். “என்ட கவித படியேறிட்டு, நான்தான் ஏறல்ல” என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

இந்த விஷயத்தில் எங்களுக்கு வெளிநாட்டுப் பாடம் தேவையில்லை. குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்களிடம் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) வந்து கேள்வி கேட்டபோது நடந்ததைச் சொல்கிற சூரா ‘அபஸ’ குர்ஆனின் எண்பதாவது அத்தியாயம். அதை மனனம் செய்யாத மதரசா மாணவன் இல்லை. அந்தத் தோழர் பின்னர் மதீனாவில் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் ஊரில் இல்லாத வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் விடப்பட்டது. பரிதாபப்பட்டு ஓரத்தில் இருத்தவில்லை, பொறுப்புக் கொடுக்கப்பட்டது. தமிழ் மரபிலும் கண்பார்வை அற்றவரும் நடக்க இயலாதவருமான இரட்டைப் புலவர்கள் உண்டு. அந்தகக்கவி வீரராகவ முதலியார் உண்டு. காது கேட்டு மனசில் வாங்கி வாயால் சொன்ன இலக்கியம் எங்களுடையது. கண் தெரியாதவர் அன்று அதற்குள் இருந்தார். அச்சுப் புத்தகம் வந்த பிறகுதான் வெளியே போனார். இன்று ஒரு கைத்தொலைபேசியில் வாசித்துப் பதிவு செய்து அவரை மீண்டும் உள்ளே கொண்டுவரலாம்.

இனிச் செய்யக்கூடியவை

மேலே சொன்ன வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘எல்லாரும் வரலாம்’ என்று அறிவித்ததால் எந்தக் கதவும் திறக்கவில்லை. கூத்துக்கு மேடை கிடைத்தது, ஒருவர் கிராமத்துக்குத் தேடிப்போனதால். முஸ்லிம் எழுத்துக்கு இடம் கிடைத்தது, எங்கட ஆக்கள் நூலும் மாநாடும் கொண்டுவந்ததால். தமிழ், முஸ்லிம் எழுத்தாளர்கள் ஒன்றாக இருந்தது, ஒரே சங்கத்தில் வேலையைப் பகிர்ந்ததால். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஏற்பாட்டை மாற்றினார்.

எங்கட சங்கங்கள் மாற்ற வேண்டிய ஏற்பாடுகளுக்குப் பெரிய பணம் தேவையில்லை. கூட்டத்தை நிலமட்டத்தில் வையுங்கள். பாடசாலை வகுப்பறை போதும். மாதம் ஒரு கூட்டமாவது அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடியட்டும். நிர்வாகக் குழுவில் பெண்களைப் ‘பெண்கள் பிரிவு’ என்று தனியே ஒதுக்காமல் செயலாளர், பொருளாளர் பொறுப்புகளில் இருத்துங்கள். பக்கத்துத் தமிழ் ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து வருஷம் ஒரு மலராவது போடுங்கள்; இரண்டு ஊர் ஆசிரியர்களும் ஒன்றாக இருந்து படைப்புகளைத் தெரிவு செய்யட்டும். பொல்லடிக் குழுவையும் பாவாமாரையும் அமைச்சர் வரும்போது வாசலில் நிறுத்தி வரவேற்க மட்டும் கூப்பிடாமல், அவர்களுக்கென்று அரை மணி நேரமும் உரிய கொடுப்பனவும் கொடுங்கள். வெளியிடும் நூலை ஒருவர் வாசித்துப் பதிவு செய்து, பார்வையற்ற வாசகருக்குக் கிடைக்கச் செய்யுங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ் படிக்கிற எங்கட பிள்ளைகளுக்கு இது நல்ல களப்பணியாகும்.

இதில் ஒன்று மட்டும் நாளைக்குத் தள்ள முடியாதது. அறுவடை மெசின் வந்த பிறகு வட்டையில் கவி இல்லை. சூடு மிதிக்கிற மாடும் இல்லை, பொலிப்பாட்டும் இல்லை. கவி இப்போது சில மூத்தம்மாமாரின் நினைவில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் அப்படி எத்தனை பேர் மிச்சம் என்பதை அந்தந்த ஊரார் விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த இதழை வாசிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கட ஊரில் ஒரு மூத்தம்மாவிடம் போங்கள். கேளுங்கள், பதிவு செய்யுங்கள். பெயர் போடலாமா என்று அவவிடமே கேளுங்கள். போடச் சொன்னால், கவிக்கு மேலே போடுங்கள்.